பன்னிரண்டாயிரம் ரூபாய் கோர்ஸா, பூட்டிக் கிடக்கும் லேப்பா?

மார்ச் கடைசியில் ஒரு ராத்திரி அக்கா மகள் போன் செய்தாள். பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு. வீட்டிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரத் தொலைவில் கல்லூரி.

“மாமா, லீவுல பைத்தான் கிளாஸ் சேரட்டா, இல்ல எங்கயாவது புராஜெக்ட் கேட்கட்டா? அப்பா பன்னெண்டாயிரம் வரைக்கும் தரேன்னு சொல்லிட்டார். நாளைக்குள்ள சொல்லுங்க, ஆஃபர் முடியுதாம்.”

ஆஃபர் எங்கேயும் ஓடிவிடாது, அடுத்த வாரம் வேறு பெயரில் வரும், பத்து நாள் பொறு என்றேன். அந்தப் பத்து நாளில் யோசித்ததையும் விசாரித்ததையும்தான் இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியோடு இருக்கும் பிள்ளைகள் நிறையப் பேர் இருப்பார்கள்.

என் தகுதி இவ்வளவுதான்: நானும் இதே படிப்புதான் படித்தேன். இப்போது ஒரு தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் பிரிவில், அதாவது காலிபரேஷனில், இருக்கிறேன். வேலைக்குப் புதிதாக வருபவர்களை நேர்காணல் செய்யும்போது ஸ்க்ரூ கேஜைக் கையில் கொடுத்து ஒரு கம்பியை அளக்கச் சொல்வேன். எண்ணைச் சொல்லிவிடுவார்கள். “இதில் எவ்வளவு தப்பு இருக்கலாம்?” என்று கேட்டால் பாதிப் பேர் என் முகத்தைப் பார்ப்பார்கள். கேள்வியே ஏதோ அவமானம் போல இருக்கும் அவர்களுக்கு. அவர்களைக் குறை சொல்ல மனம் வராது. மூன்று வருட பிராக்டிகலில் அந்தக் கேள்வியை யாரும் அவர்களிடம் கேட்டிருக்க மாட்டார்கள்.

அதனால் எந்த வழியைப் பார்த்தாலும் நான் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறேன். இந்த வழியில் போனால் தப்பான எண் ஒன்று உன் கைக்கு வருமா? வந்தால் அது தப்பு என்று கண்டுபிடிக்க வேண்டியவர் யார்?

முதலில் அந்தக் கோர்ஸ். பாடத்திட்டத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். நாற்பத்தைந்து நாள், தினம் இரண்டு மணி நேரம். பைத்தான் என்ற நிரல் மொழியின் அடிப்படை, அப்புறம் தரவு அட்டவணைகளைக் கையாளும் பாண்டாஸ், கடைசியில் மெஷின் லேர்னிங், முடிவில் ‘லைவ் புராஜெக்ட்’, சான்றிதழ். மோசம் என்று சொல்ல முடியாது. ஒரு இடத்தில் உட்காரவைத்து தினமும் டைப் அடிக்க வைப்பார்கள். தானாகப் படிக்க உட்காராத பிள்ளைக்கு அதுவே பெரிய விஷயம். ஆனால் அங்கே கொடுக்கும் தரவு எல்லாம் கழுவித் துடைத்த தரவு. டைட்டானிக் கப்பலில் யார் பிழைத்தார்கள், எந்த ஊரில் வீட்டு விலை என்ன என்று ஏற்கெனவே ஆயிரம் பேர் போட்டு முடித்த கணக்கு. விடை வரவில்லையென்றால் பக்கத்துப் பையனின் திரையைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம். இயற்பியல் மாணவிக்கு வேண்டிய விஷயங்கள், அதாவது ஒரு கோட்டைப் பொருத்தும்போது சரிவின் பிழை எவ்வளவு, கோட்டுக்கும் புள்ளிகளுக்கும் எஞ்சிய வேறுபாடுகளை வரைந்தால் என்ன தெரிகிறது, ஒரு வகைக்கெழுச் சமன்பாட்டை எண்களால் எப்படித் தீர்ப்பது, இவற்றில் ஒன்றுகூட அந்தப் பாடத்திட்டத்தில் இல்லை.

அதே பைத்தானை வீட்டில் உட்கார்ந்து காசில்லாமல் படிக்கலாம். அவளிடம் இருப்பது அண்ணன் பயன்படுத்தி ஓய்ந்த பழைய லேப்டாப். அதில் எதையும் நிறுவக்கூட வேண்டாம். கூகுள் கொலாப் பிரவுசரிலேயே ஓடும், கணக்குக்கும் வரைபடத்துக்கும் வேண்டிய நம்பை, சைபை, மேட்பிளாட்லிப் என்ற பைத்தான் தொகுப்புகள் எல்லாம் அதில் தயாராக இருக்கும். ஐஐடி பாம்பேயின் ஸ்போக்கன் டுடோரியல் பாடங்கள் தமிழ்க் குரலிலும் கிடைக்கின்றன. ஐஐடிகள் சேர்ந்து நடத்தும் என்பிடெல் இணையப் பாடங்களைக் கேட்கக் காசு கிடையாது, தேர்வு எழுதினால்தான் கட்டணம். ஆக, பன்னிரண்டாயிரத்தில் அவள் வாங்கப்போவது பாடத்தை அல்ல, தன்னை உட்காரவைக்க ஒரு ஆளை. அது தேவையா இல்லையா என்பது அவளுக்குத்தான் தெரியும்.

வீட்டிலேயே படிப்பதில் இன்னொரு லாபம், எதைப் போட்டுப் பார்க்கலாம் என்பதை நாமே முடிவு செய்யலாம். அவளுக்கு முதல் நாள் கொடுத்த வேலை: தனி ஊசல். ஒரு மீட்டர் நூல் என்றால் அலைவு நேரம் கிட்டத்தட்ட 2 நொடி. சிறிய கோணம் என்று வைத்துக்கொண்டு, 0.01 நொடிக்கு ஒரு முறை இடத்தையும் வேகத்தையும் புதுப்பித்துக்கொண்டே போ. பத்தே வரி நிரல். வரைபடத்தைப் பார்த்துவிட்டு அவளே கூப்பிட்டாள். “மாமா, ஊசல் ஆட ஆடப் பெருசாகிட்டே போகுது!”

ஆமாம், போகும். பழைய இடம், பழைய வேகம் இரண்டையும் வைத்தே புதியவற்றைக் கணக்கிடும் ஆய்லர் முறையை அப்படியே போட்டால் ஒவ்வொரு அலைவுக்கும் வீச்சு சுமார் 10 சதவீதம் கூடும். பத்து அலைவில் இரண்டரை மடங்கைத் தாண்டிவிடும். யாரும் தள்ளாமலே ஊஞ்சல் கூரையை இடிக்கும். நிரலில் எழுத்துப் பிழை கிடையாது, சிவப்பு எழுத்தில் எந்த எச்சரிக்கையும் வராது. இயற்பியல் தெரிந்தவருக்கு மட்டும்தான் அது தப்பு என்று தெரியும். மாற்ற வேண்டியது இரண்டு வரிகளின் வரிசையை மட்டும்: முதலில் வேகத்தைப் புதுப்பி, அந்தப் புது வேகத்தை வைத்து இடத்தைப் புதுப்பி. ஊசல் ஒழுங்காக ஆடும். ஏன் என்று அவள் இரண்டு நாள் யோசித்தாள். கோர்ஸில் நாற்பத்தைந்து நாளும் இப்படி ஒரு தருணம் வந்திருக்காது என்று தோன்றியது.

ஆனால் வீட்டுப் பைத்தானுக்கும் ஒரு குறை உண்டு. கணினிக்குள்ளேயே பிறந்து கணினிக்குள்ளேயே சாகிற எண்கள் அவை. காற்று கிடையாது, நூல் நீளாது, கை நடுங்காது.

அடுத்தது புராஜெக்ட். எல்லோருக்கும் கனவு இதுதான்: பெரிய ஆய்வு நிறுவனத்தில் இரண்டு மாதம். பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் அகாடமி மற்ற இரண்டு தேசிய அறிவியல் அகாடமிகளோடு சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைத் திட்டம் எட்டு வாரம். உதவித்தொகை தருகிறார்கள், போகவர செலவும் தருகிறார்கள். ஆசிரியரின் பரிந்துரையும், இந்த ஆய்வில் உனக்கு ஏன் ஆர்வம் என்று நீ சொந்தமாக எழுதும் ஒரு கட்டுரையும் வேண்டும். இதில் பெரிய சிக்கல் விண்ணப்பிக்கும் காலம். அடுத்த கோடைக்கு முந்தைய ஆண்டின் கடைசியிலேயே விண்ணப்பம் முடிந்துவிடும். மார்ச்சில் நினைவு வந்தால் அந்த ரயில் போய் நாலு மாதம். யார் யார் விண்ணப்பிக்கலாம் என்பதை அந்தந்த ஆண்டு அறிவிப்பில்தான் பார்க்க வேண்டும்.

கிடைத்தால் போக வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கிடைத்தவர்களின் அனுபவம் ஒரே மாதிரி இருப்பதில்லை. எல்லாம் வழிகாட்டியைப் பொறுத்தது. என்னோடு முதுகலை படித்த ஒருவன் எட்டு வாரமும் ஒரு வெற்றிடப் பம்பின் கசிவைத் தேடினான். ஆய்வறிக்கையில் எழுத ஒன்றுமில்லை என்று புலம்பினான், இன்று வெற்றிடக் கருவிகளில் அவன்தான் எங்கள் வட்டத்தில் கெட்டிக்காரன். இன்னொருத்தி எலக்ட்ரான் நுண்ணோக்கி அறையில் இயக்குபவரின் முதுகுக்குப் பின்னால் நின்று படங்களை வாங்கிக்கொண்டு வந்தாள். படங்கள் அழகாக இருந்தன. உருப்பெருக்கத்தை எப்படி நம்புவது என்று கேட்டால் தெரியவில்லை. பெரிய கருவியைப் பார்த்தது வேறு, சின்னக் கருவியை ஓட்டியது வேறு. நேர்காணலில் இரண்டாவதுதான் என் கண்ணுக்குத் தெரியும்.

இதோடு ஒரு எச்சரிக்கை. காசு வாங்கிக்கொண்டு ‘இன்டர்ன்ஷிப்’ தரும் தனியார் இடங்கள் இப்போது நிறைய முளைத்திருக்கின்றன. எங்கள் தெருப் பையன் ஒருவன் ஒரு நிறுவனத்தில் ஆறாயிரம் கட்டி, பதினைந்து நாள் போய், முந்தைய வருடத்து அறிக்கையில் பெயரை மட்டும் மாற்றி வாங்கி வந்தான். அதைவிட மத்தியானம் தூங்கியிருக்கலாம்.

மூன்றாவது வழி, வீட்டு மேஜையையே லேப் ஆக்குவது. இதில் மூன்று படிகள் உண்டு.

முதல் படி கையிலேயே இருக்கிறது. ஜெர்மனியின் ஆகன் நகரத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவான ஃபைஃபாக்ஸ் என்ற செயலி, போனுக்குள் இருக்கும் முடுக்கமானி, மைக், காந்தப்புல உணரி எல்லாவற்றின் அளவுகளையும் வெளியே எடுத்துக் கொடுக்கும். இலவசம். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து ஒரு கோலிக்குண்டு விழ 0.45 நொடிதான் ஆகும். ஸ்டாப்வாட்ச் அமுக்கும் நம் விரலின் தாமதமே அதில் பாதி. ஆனால் போன் இரண்டு சத்தங்களுக்கு இடையே உள்ள நேரத்தை மில்லி நொடிக் கணக்கில் சொல்லிவிடும்.

கடைசிப் படி எக்ஸ்ப்ஐஸ். புதுதில்லியில் உள்ள பல்கலைக்கழகங்களிடை முடுக்கி மையத்தில் கல்லூரி மாணவர்களுக்காகவே வடிவமைத்த கையடக்கப் பெட்டி. அலைகாட்டி, அலை உருவாக்கி, மின்னழுத்த மூலம் எல்லாம் ஒரே பெட்டியில். மென்பொருளும் பைத்தானில் எழுதியது, திறந்த மூலம். விலை சில ஆயிரங்கள் ஆகும். வாங்குவதற்கு முன் கல்லூரி அலமாரியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். எங்கேயோ நடந்த பயிலரங்கிலிருந்து கொண்டுவந்த ஒன்று டப்பா பிரிக்காமல் கிடந்தாலும் கிடக்கும்.

எனக்குப் பிடித்தது நடுப் படி: ஆர்டுயினோ, நிரல் எழுதி ஓட்டி மின்னழுத்தம் அளக்கக்கூடிய ஒரு சின்ன மின்னணு போர்டு. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ ஆன்லைனிலோ ஒரு நகல் போர்டு, பிரெட்போர்டு, கொஞ்சம் ஒயர், மின்தடை, மின்தேக்கி, எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் முடித்துவிடலாம். நான் முதல் முதலில் செய்தது மின்தேக்கி மின்னேற்றம். 10 கிலோ ஓம், 1 மைக்ரோஃபாரட். பெருக்கினால் நேர மாறிலி, அதாவது எவ்வளவு சீக்கிரம் மின்னேறும் என்று சொல்லும் அளவு, 10 மில்லி நொடி. நிரல் எழுதி ஓட்டினேன். வளைகோடு வர வேண்டிய இடத்தில் நாலைந்து புள்ளிகள் மட்டும் படிக்கட்டு மாதிரி நின்றன. இரண்டு நாள் ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கி மாட்டினேன்.

கோளாறு ஒயரில் இல்லை. ஒவ்வொரு அளவையும் எடுத்த கையோடு கணினிக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். நொடிக்கு 9600 பிட் வேகத்தில் ஒரு எழுத்து போக ஒரு மில்லி நொடிக்குச் சற்று மேல். ஒரு வரிக்குப் பதினோரு எழுத்து. அதாவது ஒரு அளவை அனுப்பி முடிப்பதற்குள் நான் அளக்க வந்த நிகழ்ச்சியே பாதிக்கு மேல் முடிந்துவிடுகிறது! அளப்பதற்கு மட்டும் என்றால் அந்த போர்டுக்குச் சுமார் 0.1 மில்லி நொடி போதும். முதலில் 200 அளவுகளை அதன் நினைவகத்திலேயே சேர்த்துவைத்து, எல்லாம் முடிந்தபின் நிதானமாக அனுப்பச் சொன்னேன். அருமையான வளைகோடு வந்தது. பைத்தானில் பொருத்தினால் 11.3 மில்லி நொடி. மறுபடியும் சிக்கல், 13 சதவீதம் அதிகம். இந்த முறை நிரலைச் சந்தேகப்பட்டு ஒரு நாள் போச்சு. கடைசியில் மின்தேக்கியைக் கழற்றி மல்டிமீட்டரில் வைத்தால் 1.13 மைக்ரோஃபாரட். மேலே அச்சடித்திருப்பது பெயர்தான். அந்த வகை மின்தேக்கியில் 20 சதவீதம் முன்னே பின்னே இருக்கலாம் என்று தயாரிப்பவர்களே சொல்கிறார்கள்.

முதல் தப்பு கணினியுடையது, இரண்டாவது தப்பு பொருளுடையது. இரண்டும் ஒரே வரைபடத்துக்குள் இருந்தன. லேப் திறமை தனி, கணினித் திறமை தனி என்று நான் பிரித்துப் பார்ப்பதை நிறுத்தியது அன்றைக்குத்தான்.

இவ்வளவும் சொன்ன பிறகு, யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளாத ஒரு வழி இருக்கிறது. கல்லூரி லேப்.

அவளுக்கு அதைச் சொன்னதும் சிரித்தாள். “அங்க என்ன மாமா இருக்கு? எல்லாம் தாத்தா காலத்துச் சாமான்.” அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பிராக்டிகல் என்றால் நம் ஊரில் என்ன நடக்கிறது என்று படித்தவர்களுக்குத் தெரியும். மூன்று மணி நேரம், ஒரு கருவிக்கு மூன்று பேர், ஒருத்தி திருப்புவாள், ஒருத்தி எழுதுவாள், மூன்றாமவள் போன வருட ரெக்கார்டு நோட்டைப் பிரித்து வைத்திருப்பாள். விடை என்ன வரவேண்டும் என்று தெரியும், அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு ரீடிங் எழுதிக்கொள்வது. நாங்கள் அதற்குச் ‘சமையல்’ என்று பெயர் வைத்திருந்தோம். வெளியிலிருந்து தேர்வாளர், எக்ஸ்டர்னல், வந்து எந்தச் சோதனை என்று லாட் எடுக்கச் சொல்லும்போதுதான் வயிற்றைக் கலக்கும்.

ஆனால் விடுமுறையில் அதே லேப் காலியாக இருக்கிறது. மூன்று மணி நேரக் கெடு இல்லை, மதிப்பெண் இல்லை, சமைக்க வேண்டிய அவசியமே இல்லை. அவளுக்குத் தெரிந்த ஒரு சோதனையையே எடுத்துக்கொள்வோம்: மரச் சட்டத்தின் யங் குணகம், அதாவது அது எவ்வளவு விறைப்பு என்ற அளவு. நடுவில் எடை தொங்கவிட்டு ஊசியின் இறக்கத்தை டிராவலிங் மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது. ரெக்கார்டில் எல்லோரும் ஏறத்தாழ ஒரே விடையைத்தான் எழுதியிருப்பார்கள். ஆனால் மரத்துக்கு மரம் அது மாறும். இந்தச் சட்டத்துக்கு என்ன என்று எந்தப் புத்தகத்திலும் கிடையாது. கைக்கு வருகிற எண்தான் விடை, அதை நம்பலாமா என்பதையும் நாமே சொல்ல வேண்டும்.

வாய்பாட்டில் தடிமன் மூன்றாம் அடுக்கில் வருகிறது. சட்டம் 6 மி.மீ. தடிமன் என்று வையுங்கள். ஸ்க்ரூ கேஜை மூடினாலும் சுழியில் நிற்காமல் 5 பிரிவு காட்டும் சுழிப்பிழை இருந்து, அதைக் கழிக்க மறந்துவிட்டால் 0.05 மி.மீ. தப்பு. ஒரு சதவீதம்கூட இல்லை. ஆனால் விடையில் அது இரண்டரை சதவீதம் ஆகிவிடும். 70 செ.மீ. நீளத்தில் ஒரு மி.மீ. தவறவிட்டாலும் அரை சதவீதத்தைத் தாண்டாது. அப்படியென்றால் நேரத்தை எதை அளப்பதில் செலவிட வேண்டும்? நூல் வைத்து நீளத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதிலா, சட்டத்தின் பத்து இடங்களில் தடிமன் பார்ப்பதிலா? இதைக் கையால் வகையிட்டும் காணலாம். பைத்தானில் எட்டு வரியிலும் காணலாம்: தடிமனை 5.96-ஐச் சுற்றி 0.02 சிதறலோடு பத்தாயிரம் முறை குலுக்கிப் போடு, ஒவ்வொன்றுக்கும் விடையைக் கணக்கிடு, விடைகள் எவ்வளவு சிதறுகின்றன என்று பார். ஒரு சதவீதம் வரும். கணினி லேப்புக்குள் வரவேண்டிய இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

அப்புறம் மைக்ரோஸ்கோப்பின் திருகு. எங்கள் லேப் அசிஸ்டென்ட் அண்ணன் சொல்லிக்கொடுத்தது: திருகை ஒரே பக்கமாகத்தான் திருப்பிக்கொண்டு வரவேண்டும். தாண்டிப் போய்விட்டால் கொஞ்சம் திரும்பி வந்து சரிசெய்யக் கூடாது. நன்றாகப் பின்னால் போய், மறுபடி அதே பக்கத்திலிருந்து வர வேண்டும். மரைகளுக்கு நடுவே இடைவெளி இருப்பதால், திசை மாறும்போது திருகு சுற்றும், குழாய் நகராது. அவர் ஐடிஐ படித்தவர், இருபது வருடமாக அந்தக் கருவிகளைப் பிரித்து மாட்டியவர். இன்றைக்கு என் வேலையில் அந்த ஒரு பாடம் வாரம் ஒரு முறையாவது உதவுகிறது. பல கல்லூரிகளில் இப்படி ஒருவர் இருப்பார். பிள்ளைகள் அவரிடம் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

ஆக, நான் அவளுக்குச் சொன்னது: கோர்ஸ் வேண்டாம். காலையில் லேப், சாயங்காலம் அந்த எண்களை வைத்துக் கொலாப். ஏழெட்டு சோதனைகளை ஓட்டிவிட்டுப் போவதைவிட மூன்றே மூன்றை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றிலும் இரண்டு வாரம் கிட. ஆயிரம் ரூபாய்க்கு ஆர்டுயினோ சாமான் நான் வாங்கி அனுப்புகிறேன். மிச்சப் பதினோராயிரத்தை அப்பாவிடமே கொடு. அக்டோபர் வந்ததும் கோடைத் திட்ட அறிவிப்பைத் தேடு. அப்போது உன் கட்டுரையில் ‘சிறுவயது முதலே விண்மீன்கள் மீது எனக்கு ஆர்வம்’ என்று ஆரம்பிக்காமல், மரச் சட்டத்தில் நீ பிடித்த பிழையைப் பற்றி எழுதலாம்.

எல்லோருக்கும் இதையே சொல்வேனா என்றால், மாட்டேன். ஐடி கம்பெனியில் கேம்பஸ் வேலைதான் குறி என்று ஒரு பிள்ளை தெளிவாக இருந்தால் கோர்ஸுக்குப் போகட்டும். அங்கே யாரும் யங் குணகம் கேட்கப் போவதில்லை, நிரல் எழுதும் வேகத்தைத்தான் பார்ப்பார்கள். ஐஐடியில் எம்.எஸ்சி. சேர ஜாம் நுழைவுத் தேர்வு எழுதப்போகிற பிள்ளைக்கும் தயக்கத்தோடுதான் சொல்வேன். அந்தத் தேர்வு முழுக்கக் கணக்கும் தியரியும். மூன்றாம் ஆண்டு பிப்ரவரியில் வந்துவிடும். இந்தக் கோடையைப் பிராக்டிகலுக்குக் கொடுத்தால் மதிப்பெண்ணில் ஒன்றும் திரும்பி வராது. பாதி நாள் பழைய வினாத்தாள், பாதி நாள் ஆர்டுயினோ என்று பிரித்துக்கொள்ளலாம். தானாக உட்கார்ந்து படிக்கவே மாட்டேன் என்கிற பிள்ளையென்றால் பன்னிரண்டாயிரம் நட்டமில்லை. வீட்டில் கம்பளி போர்த்திக்கொண்டு ரீல்ஸ் பார்ப்பதற்கு அது எவ்வளவோ மேல்.

நடைமுறைச் சிக்கலும் இருந்தது. துறைத் தலைவர் மேடத்திடம் போய்க் கேட்கவே அவளுக்குப் பயம். ‘லேப்பில் பயிற்சி செய்ய அனுமதி வேண்டும்’ என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் பார்க்கலாம் என்று அனுப்பிவிடுவார்கள். என்ன சோதனை, எந்தக் கருவி, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, உடைந்தால் பொறுப்பு யார் என்று ஒரு பக்கம் எழுதி, துணைக்கு இன்னொரு மாணவியையும் சேர்த்துக்கொண்டு போகச் சொன்னேன். மேடம் படித்துவிட்டு, லேசர் மட்டும் தொடக் கூடாது என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டாராம். பத்திலிருந்து நாலு மணி வரை. நாலு மணிக்கு மேல் சாவி அங்கத்து லேப் அசிஸ்டென்ட் அண்ணனோடு வீட்டுக்குப் போய்விடும்.

நேற்று ராத்திரி அப்சர்வேஷன் நோட்டின் ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். 50 கிராமாக எடை ஏற்றும்போது வந்த ரீடிங்குக்கும், இறக்கும்போது அதே எடைக்கு வந்த ரீடிங்குக்கும் 0.015 செ.மீ. வித்தியாசம், எல்லா வரியிலும். போன வருடம் இதே சோதனையில் இரண்டு பத்தியும் அச்சு அசலாக ஒன்றாக இருந்ததாம், ஏன் என்று அவளுக்கே தெரியும். இறக்கும்போது திருகை எந்தப் பக்கம் திருப்பினாய், எடை வைத்து எவ்வளவு நேரம் கழித்துப் பார்த்தாய் என்று கேட்டு அனுப்பியிருக்கிறேன். திருகாகவும் இருக்கலாம், மரமே மெல்ல மெல்லத் தளர்வதாகவும் இருக்கலாம். லேப்பில் போன் எடுக்க விடமாட்டார்கள். நாலு மணிக்கு மேல்தான் பதில் வரும்.